கான்யூலாவைக் கழற்றினதும் கிளம்பிடாதீங்க

கோபியிலிருந்து ஓர் அம்மா:

பையனுக்கு ஒன்பது வயது. ஒரு வருஷத்தில் மூன்று சென்டிமீட்டர்கூட வளரவில்லை. "நம்ம வம்சமே கட்டைதான், உடு கண்ணு" என்றார் அமுச்சி. இந்த வயதில் நாலு, அஞ்சு சென்டிமீட்டராவது ஏற வேண்டும் என்றார் டாக்டர். தைராய்டு, இடது கை எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு, வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட்டுக்குக் கோவைக்கு அனுப்பினார். அந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்குமாம், அதுவும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகமாம். அதனால் சும்மா ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மருந்து கொடுத்துத் தூண்டித்தான் பார்க்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் தண்ணீர்தான். காலையில் குளோனிடின் மாத்திரை கொடுத்தார்கள். கையில் கான்யூலா, அதாவது ரத்தக்குழாயில் செருகிவைக்கும் சின்னக் குழாய், போட்டுவிட்டதால் குத்தல் ஒன்றோடு சரி, அரை மணிக்கு ஒரு தடவை அதிலேயே ரத்தம் எடுத்தார்கள். பெரியவர்களுக்குப் பிரஷரைக் குறைக்கக் கொடுக்கும் அதே மாத்திரை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் உதடு வெளுத்துத் தூங்கிப்போனான். மேல் பிரஷர் 100இலிருந்து 82க்கு வந்தது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, நர்ஸம்மா அசரவில்லை.

கடைசி ரத்தம் எடுத்ததும் கான்யூலாவைக் கழற்றி, "போலாங்க" என்றார்கள். நானும் மதிய பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவனை எழுப்பி நடத்திக் கூட்டிப்போனேன். மாடிப்படியில் இரண்டாவது படியிலேயே துணி மாதிரி மடங்கினான். எதிரே வந்த அண்ணன் ஒருத்தர் தாங்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். படுக்கவைத்து, காலைத் தூக்கிவைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. அவர்கள் அனுப்பியதும் தப்பு, நான் பறந்ததும் தப்பு.

ஈரோட்டிலிருந்து ஒரு செவிலியர்:

டெஸ்ட் முடிந்தாலும் அந்த மாத்திரை இன்னும் சில மணி நேரம் வேலை செய்யுங்க. எங்கள் வார்டில் பிள்ளை சாப்பிட்டு, பிரஷர் பழையபடி ஏறி, தானாகப் பாத்ரூம் போய்வந்த பிறகுதான் அனுப்புவோம். இதே ஹார்மோனை இன்சுலின் போட்டுத் தூண்டிப் பார்க்கும் டெஸ்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் வேண்டுமென்றே சர்க்கரையை இறக்குகிறார்கள். டாக்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், குளுக்கோஸ் கைக்கெட்ட வேண்டும். பிள்ளைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்க, அவங்களுக்கு அதைச் செய்ய மாட்டாங்க.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அப்பா:

எங்கள் பாப்பாவுக்கு முதலில் குளோனிடின், ஹார்மோன் அளவு குறைவாக வந்தது. ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று குளுக்ககான் ஊசி போட்டு மறுபடி பார்த்தார்கள், அதில் நார்மல். ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் இரண்டு தடவை வாந்தி. குளுக்ககானில் சர்க்கரை முதலில் ஏறிவிட்டு அப்புறம் இறங்குமாம். அதனால் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நர்ஸ் ஒற்றைக்காலில் நின்றார். அரைத் தேங்காய் பன்னுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சுங்க.

கோபி அம்மா:

எங்களுக்கும் அடுத்த மாசம் குளுக்ககான்தான். இந்தத் தடவை ராத்திரி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவதாக வீட்டில் சொல்லிவிட்டேன்.