புதுப்பிப்பு: நிலவேம்பும் புடையன் நஞ்சும், ஒரு திருத்தம்

கண்ணாடி விரியன் (யாழ்ப்பாணத்தில் நாங்கள் புடையன் என்போம்) நஞ்சிலுள்ள பொஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியோடு நிலவேம்பிலுள்ள அன்ட்ரோகிராபோலைட் என்ற வேதிப்பொருள் கணினியில் அருமையாகப் பொருந்துகிறது, அதனால் நஞ்சைத் தடுக்கக்கூடும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது தவறு.

நான் எடுத்தது, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அல்பாபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இந்த நொதிக்குக் கணித்த கட்டமைப்பு. கணிப்பின் நம்பிக்கை மதிப்பெண் நூற்றுக்கு 90ஐத் தாண்டியிருந்ததால் மேலே யோசிக்கவில்லை. அல்பாபோல்ட் தரவுத்தளத்தின் 20 கோடிக்கும் மேற்பட்ட கட்டமைப்புகளிலும் புரதத்தின் மடிப்பு இருக்கிறது. உலோக அயனிகள் இல்லை. இந்த நொதியோ கல்சியம் இல்லாமல் இயங்காது. அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 49ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் அதைப் பற்றிக்கொண்டிருக்கும். கல்சியம் இருக்க வேண்டிய அதே குழியில்தான் அன்ட்ரோகிராபோலைட் போய் அமர்ந்திருந்தது.

நேற்றிரவு கொக்குவில் வீட்டில் கல்சியத்தைச் சேர்த்துக் கணினிப் பொருத்தத்தை மீண்டும் ஓட்டினேன். முதலிடத்தில் இருந்த பொருத்தம் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. விடியும்வரை தூக்கமில்லை.

வயலுக்குப் போகும் அப்பாவுக்கு நிலவேம்பு கொடுத்து வைக்கலாமா என்று ஓர் அண்ணா கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணா. கடிபட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நஞ்சுமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து கண்டறிந்த, கல்சியத்தோடு கூடிய கட்டமைப்பில் ஓட்டப்போகிறேன்.