ஸ்கூல் மேலாண்மைக் குழுவுக்கு நிக்கலாம்னு இருக்கேன், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

முக்கூடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊரு எங்களுக்கு. மூத்தவ ஏழாவது, இளையவன் மூணாவது, ரெண்டும் ஊர்ல உள்ள யூனியன் நடுநிலைப்பள்ளியிலதான் படிக்குது. 2024 ஆகஸ்டுல போட்ட எஸ்எம்சிக்கு, அதான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, ரெண்டு வருஷம் முடியுது, புதுசா ஆள் எடுக்கணும், நீ நில்லும்மான்னு டீச்சர் சொல்லுதாவ. எனக்கும் ஆசைதான். ஏன்னா பொம்பளப்புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி வாரதே கெடையாது, எம்மவ காலையில இருந்து சொட்டுத் தண்ணி குடிக்காம கெடந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் பாத்ரூமுக்கு ஓடுதா, நான் ரெண்டு தடவை போய்ச் சொல்லியும் பாக்கோம் பாக்கோம்ங்காவ, ஒண்ணும் நடக்கல.

ஆனா எங்க அத்தை பயமுறுத்துதாவ. பேங்குல கையெழுத்து போடச் சொல்லுவானுவ, நாளைக்கு துட்டுல ஏதாவது ஒண்ணுன்னா போலீசு ஒன்னயத்தான் தேடி வரும்ங்காவ. வீட்டுக்காரவுக திருப்பூர்ல இருக்காவ, போன்ல கேட்டா ஒன் இஷ்டம்னு வச்சிட்டாவ. நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், பீடி சுத்துதேன், வெள்ளிக்கிழம மூணு மணிக்கு கூட்டம்னா அன்னைக்கு கணக்கு கொறையும் அது வேற. எல்லாத்துக்கும் மேல, எங்க ஊர்ல எந்த பதவின்னாலும் மேலத்தெருவுல நாலு பேரு டீக்கடையில வச்சே பேசி முடிச்சிருவாவ, நாம போய் கையத் தூக்கிட்டு வாரதுதான் மிச்சம்.

நெசமாவே எலெக்‌ஷன் மாதிரி நடக்குமா, டெபாசிட் கிபாசிட் உண்டா, உள்ள போனா நமக்கு என்ன அதிகாரம் இருக்கு, இதுதான் என் கேள்வி.

அம்பை வாத்தியார் (ரிட்டயர்டு):

தாயி, டெபாசிட்டும் கெடையாது சின்னமும் கெடையாது. பெற்றோர் எல்லாரையும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி கூட்டம் போடுவாங்க, அதுல வச்சுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கணும். ஒரு எடத்துக்கு ரெண்டு மூணு பேரு நின்னா வந்திருக்குற பெற்றோர்கிட்டதான் கேக்கணும், ஹெச்எம் தானா பேரு எழுதிக்க முடியாது. இது 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 21-வது பிரிவு. குழுவுல முக்கால்வாசி பேரு அந்தப் பள்ளியில படிக்கிற பிள்ளைங்களோட பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேரு பெண்கள், ஒடுக்கப்பட்ட நலிவடைஞ்ச பிரிவு பிள்ளைங்க எத்தனை படிக்குதோ அதுக்குத் தக்க அவங்க பெற்றோருக்கும் எடம் கொடுக்கணும். நம்ம மாநிலத்துல 2022-ல மறுகட்டமைப்பு பண்ணும்போது 20 பேரு, அதுல 15 பேரு பெற்றோர். 2024-ல 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் உள்ள கொண்டாந்தாங்க. தலைவர் பெற்றோர்ல ஒருத்தர்தான், ஹெச்எம் கெடையாது, பஞ்சாயத்து உறுப்பினரும் கெடையாது.

இப்ப அந்த டீக்கடை நாலு பேரைப் பத்தி ஒண்ணு கேக்கேன். அவங்க பிள்ளைங்க உங்க பள்ளிக்கூடத்துல படிக்குதா? நான் வேலை பாத்த ஊர்ல எல்லாம் இப்படி நாட்டாமை பண்ணுற ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்க காலையில ஏழரைக்கே மெட்ரிக் வேன்ல ஏறிப் போயிரும். அப்படின்னா பெற்றோர் எடத்துக்கு அவங்க பேரே வராது, முன்னாள் மாணவர்னோ கல்வியாளர்னோ ஓரமா வரலாம், அவ்வளவுதான். இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல, அதனால அவங்க பாட்டுக்கு முடிவு பண்ணிக்கிட்டு இருக்காங்க.

அதிகாரம்னா, மேலாண்மைன்னு பேரு இருக்கேன்னு வாத்தியாரை மாத்தலாம்னு நெனச்சிராத. பள்ளிக்கூடம் எப்படி நடக்குன்னு கண்காணிக்கிறது, பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுறது, வந்த துட்டு எப்படி செலவாகுதுன்னு பாக்கிறது, இந்த மூணுதான் முக்கியமா. கேக்க சின்னதா இருக்கும், ஆனா தீர்மான நோட்டுல ஏறிட்ட விஷயத்தை ஆபீஸ்ல கேட்டாத் தட்டிக்கழிக்க முடியாது. பெண் பிள்ளைங்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிதண்ணியும் அந்தச் சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு, அதனால நீ யாருகிட்டயும் தயவு கேக்கல. யூனியன் பள்ளின்னா கட்டடம், மோட்டார் வேலையெல்லாம் பிடிஓ ஆபீஸ், அதான் வட்டார வளர்ச்சி அலுவலகம், சம்பந்தப்பட்டது, தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒண்ணு பிடிஓவுக்கு ஒண்ணு கொடுத்து ரெண்டுலயும் தேதி போட்டு கையெழுத்து வாங்கிரு. அதுக்கும் அசையலன்னா ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இப்படி கிராமசபை வருதுல்லா, அங்க வாசிச்சிரு. அதே சட்டத்தோட 32-வது பிரிவுப்படி உள்ளாட்சிக்கு எழுத்துல புகார் கொடுத்தா மூணு மாசத்துல அவங்க முடிவு சொல்லணும்.

அத்தைக்கு பேங்கு பயம்தானே. உறுப்பினர் எல்லாருக்கும் அந்த கையெழுத்து வேலை கெடையாது, அது தலைவரும் ஹெச்எம்மும் சேந்து போடுறது. வர்ற மானியமும் பிள்ளைங்க எண்ணிக்கைக்குத் தக்கதான், 31-ல இருந்து 100 பிள்ளைங்க வரைக்கும் வருஷத்துக்கு 25,000, 250 வரைக்கும் 50,000, அதுல பத்துல ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்கு. அதுவும் ஒழுங்கா வந்தா. 2024-25-க்கு டெல்லியில இருந்து வரவேண்டிய 2,152 கோடியை பிஎம் ஸ்ரீங்கிற மத்திய அரசு பள்ளித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடலன்னு நிறுத்தி வச்சாங்கல்லா, அந்த மாதிரி சமயத்துல சாக்பீஸ் வாங்கவே ஹெச்எம் கையில இருந்து போட்டுட்டு உக்காந்திருப்பாரு. நீ தலைவராவே வந்தாலும் பில்லைப் பாக்காம கையெழுத்து போடாத, வெத்து செக்குலயும் தீர்மான நோட்டு வெத்துப் பக்கத்துலயும் சாமியே வந்து கேட்டாலும் போடாத.

மேலப்பாளையம் உம்மா:

லாத்தா, நானும் பீடி சுத்துறவதான், எம்பிள்ளைங்க ஸ்கூல்ல எஸ்எம்சி உறுப்பினரா இருக்கேன். எங்களுது எய்டெட் ஸ்கூல், அங்க எஸ்எம்சி ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம், 2012-ல சட்டத்தை திருத்தி எய்டெட், சிறுபான்மை ஸ்கூல் எல்லாத்துக்கும் அப்படி வச்சிட்டாங்க. உங்களுது யூனியன் ஸ்கூல், எங்களைவிட உங்களுக்கு பலம் ஜாஸ்தி, அதை விட்டுராதிங்க.

ஓட்டுக்கு அலைய வேண்டாம். பீடிக்கடையில இலையும் தூளும் வாங்க நிக்கிற நேரம் இருக்கே, அப்பதான் எல்லாத் தெரு அம்மாமாரும் ஒரே எடத்துல கெடைப்பாங்க, எந்த வீட்டுக்கும் போய் வாசல்ல நிக்க வேண்டாம், யாரும் ஏன் வந்தன்னு கேக்கவும் மாட்டாங்க. எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு சொல்லாதிங்க, உம்மவளும் தண்ணி குடிக்காமத்தான் போறாளான்னு கேளுங்க, அவ்வளவுதான், அவங்களே பேச ஆரம்பிச்சிருவாங்க. பெறவு கூட்டத்தன்னைக்கு எப்படியாவது அவங்களைக் கூட்டிட்டு வந்துருங்க. ஆள் வராத கூட்டத்துலதான் டீக்கடை லிஸ்ட் ஜெயிக்கும். கணக்கு கொறையுறது பத்தி சொன்னிங்க, அது உண்மைதான், நான் மொத நாள் ராத்திரி கொஞ்சம் கூடுதலா சுத்தி வச்சிருவேன், வேற வழி எனக்குத் தெரியல, கூட்டத்துக்குப் போனா யாரும் துட்டு தரப்போறதில்ல.

இன்னொண்ணு, தண்ணியோட அந்த பாத்ரூம் சுவரையும் பாருங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக்கூட கழிப்பறைச் சுவரு இடிஞ்சு மூணு பயலுவ போயிட்டானுவ. அதுக்குப் பெறவுதான் மாநிலம் பூரா பழைய கட்டடத்தை கணக்கெடுத்தாங்க. விரிசல் இருந்தா போட்டோ எடுத்து அதையும் தீர்மானத்துல ஏத்துங்க.

களக்காட்டான்:

எல்லாரும் நல்லதா சொல்லுதிய, நான் கொஞ்சம் கசப்பா சொல்லுதேன் கோவிச்சிக்கிடாதிய. பாதி எடத்துல கூட்டமே நடக்காது, நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து வாங்கிட்டுப் போவாவ, அப்புறம் பள்ளிக்கல்வித்துறையோட டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் ஆப்ல தீர்மானம் ஏறிரும். அந்த ஆப்பை உங்க போன்ல ஏத்தி உங்க பள்ளிக்கூடத்து பழைய தீர்மானத்த மொதல்ல பாருங்க, தண்ணி பிரச்சனை தீந்துட்டுன்னு ஏற்கனவே எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படுததுக்கு இல்ல. 2022-ல தற்காலிக ஆசிரியர எஸ்எம்சி வழியா எடுக்கச் சொன்னாவல்லா, இடைநிலைக்கு 7,500 பட்டதாரிக்கு 10,000 முதுகலைக்கு 12,000ன்னு, அப்பதான் எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு குழு இருக்கதே தெரியும், மச்சினிக்கு போடு மருமவளுக்கு போடுன்னு வந்து நின்னாவ. அது முடிஞ்சதும் ஒரு பயலக் காணோம்.

இன்னொண்ணு, மேலத்தெருன்னு அக்கா ஒரு வார்த்தையில சொல்லிட்டாவ, நம்ம பக்கம் தெருன்னா ஜாதின்னுதான் அர்த்தம்னு இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் தொட மாட்டேங்கிய. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில கூடப் படிக்கிற பையனையே வீடு புகுந்து வெட்டினானுவ. அதுக்குப் பெறவு நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு, கையில ஜாதி அடையாளமா கலர் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பேர்ல ஜாதி இருக்கக்கூடாதுன்னு நெறைய சொல்லியிருக்காவ. கயிற அவுக்கச் சொல்லி வாத்தியார் சொன்னா அப்பன் சண்டைக்கு வாரான். எஸ்எம்சியில ரெண்டு தெரு அம்மாவும் உக்காந்து ஒரு தடவை சொன்னா வாத்தியாருக்கு தெம்பு வரும். அதனால அக்கா நீங்க தனியா நிக்காதிய, அடுத்த தெருவுல இருந்தும் ஒரு அம்மாவ நிக்கச் சொல்லி ரெண்டு பேருமா சேந்து நில்லுங்க. ஒரே தெரு ஆளுங்களா குழு அமைஞ்சா தண்ணி வந்தாலும் எவனாவது இது எங்க தண்ணிம்பான்.

டல்லாஸ் நெல்லையப்பன்:

இங்க டெக்சாஸ்ல ஸ்கூல் போர்டுன்னு இருக்கு அண்ணாச்சி, அதுக்கு நெசமான எலெக்‌ஷனே நடக்கும், பேர் வாக்குச்சீட்டுல வரும், வீட்டு வாசப் புல்லுல எல்லாம் போர்டு நட்டு வச்சிருப்பாங்க. பெரும்பாலும் ஏழு பேரு, சம்பளம் கெடையாது, ஆனா வீட்டு வரியில ஸ்கூலுக்கு எவ்வளவுங்கிறதையும் மொத்த ஸ்கூலுக்கும் மேலதிகாரி யாருங்கிறதையும் அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. பிள்ளை படிக்கணும்னு கூட இல்ல, அந்தப் பகுதியில ஓட்டு இருக்கிற யாரு வேணும்னாலும் நிக்கலாம். அதனால என்ன ஆகுதுன்னா பள்ளிக்கூடத்துப் பக்கமே வராத ஆளு எந்த புஸ்தகம் லைப்ரரியில இருக்கலாம்னு சண்டை போடுவாரு. நான் வரி கட்டுறேன், ரெண்டு பிள்ளைங்க அங்கதான் படிக்குது, கிரீன் கார்டுங்கிறதால ஓட்டு மட்டும் கெடையாது. அதிகாரம் கம்மின்னாலும் படிக்கிற பிள்ளையோட அம்மாதான் உள்ள வரணும்னு நம்ம ஊர்ல வச்சிருக்கது எனக்கு பிடிச்சிருக்கு.

அம்பை வாத்தியார் (ரிட்டயர்டு):

வேய் டல்லாஸ், ரொம்ப சந்தோஷம், நீரு படிச்ச பள்ளிக்கூடத்துக்கு முன்னாள் மாணவர் பட்டியல்ல உம்ம பேரு இருக்கான்னு பாரும். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு அரசாங்கத்துல ஒரு திட்டம் 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்கல்லா, அதுல நேரா அந்தப் பள்ளிக்கூடத்துக்கே துட்டு அனுப்பலாம்.

முக்கூடல்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. களக்காட்டு அண்ணாச்சி சொன்னது உறைச்சுது, கீழத்தெருவுல எம்மவ கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா ஒருத்தி இருக்கா, நாளைக்கு கடையில பாத்துக் கேக்கேன். வாத்தியாரய்யா இன்னும் ஒண்ணே ஒண்ணு, மூத்தவ அடுத்த வருஷம் எட்டு முடிச்சிட்டு வேற ஸ்கூல் போயிருவா, அப்ப என் பதவி என்ன ஆவும்? அப்புறம் ஹெச்எம்மு நல்லவுகதான், நான் புகார் சொல்லத்தான் வாரேன்னு நெனச்சிருவாவளோன்னு ஒரு கூச்சமா இருக்கு.

அம்பை வாத்தியார் (ரிட்டயர்டு):

இளையவன் மூணாவதுதானே, அவன் அங்க படிக்கிற வரைக்கும் நீ பெற்றோர்தான், பயப்படாத. ஹெச்எம்கிட்ட கூட்டத்துக்கு முந்தியே போயி சார் இந்த தண்ணி விஷயத்துக்குத்தான் நிக்கேன்னு நேராச் சொல்லிரு. நான் ஹெச்எம்மா இருந்தப்போ பிடிஓ ஆபீஸுக்கு தனியா எழுதி எழுதி பதிலே வராது, பெற்றோர் நாலு பேரு கூட வந்து நின்னா அன்னைக்கே பைலைத் தேடுவாங்க, அதனால அவரும் உள்ளுக்குள்ள சந்தோஷம்தான் படுவாரு. போகும்போது சும்மா தண்ணி இல்லன்னு சொல்லாத, டேங்க் இருக்கா, மோட்டார் ஓடுதா, கரண்டு பில்லு யாரு கட்டுதா, மோட்டார் சுவிட்சை போடுறது யாரு, குழாய் எத்தனை உடைஞ்சிருக்கு, இதெல்லாம் மவகிட்டயே கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கோ. பாதி எடத்துல மோட்டார் நல்லாத்தான் இருக்கும், போடுறதுக்குத்தான் ஆள் இருக்காது.