பைன் மேசையில் ஸ்டெய்ன் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது, மேல்பலகைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
வீட்டிலிருந்து வேலை பார்க்க பைன் பலகைகளை ஒட்டி ஒரு மேசை செய்துவருகிறேன். சட்டமும் கால்களும் தயார். வால்நட் நிறம் வேண்டும் என்று எண்ணெய் வகை ஸ்டெய்ன் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) வாங்கி, அதே பலகையில் வெட்டிய மீதித் துண்டில் பூசிப் பார்த்தேன். சில இடத்தில் கருந்திட்டு, அதன் பக்கத்திலேயே வெளிறிய பட்டை. கணுக்களில் நிறம் ஒட்டவே இல்லை. துண்டின் குறுக்கு வெட்டு முகம் ஏறக்குறைய கறுப்பாகிவிட்டது. 120 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்திருந்தேன். மேல்பலகை இன்னும் வெறும் மரமாகத்தான் இருக்கிறது. அதைத் தொடும் முன் கேட்டுக்கொள்கிறேன்: கோளாறு ஸ்டெய்னிலா, மரத்திலா, நான் பூசும் முறையிலா?

பதில் 1:
மரத்தில்தான். பைனின் ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் இரண்டு பகுதி உண்டு. பருவத் தொடக்கத்தில் வேகமாக வளரும் வெளிர் பகுதி மென்மையானது, ஸ்டெய்னை அப்படியே குடிக்கும். பிற்பகுதியில் மெதுவாக வளரும் கருவரி அடர்த்தியானது, அதிகம் குடிக்காது. அதனால் பூசிய பிறகு வெளிராக இருந்தது கருத்து, கருவரி வெளிறித் தெரியும். பழைய பிலிம் நெகட்டிவ் மாதிரி ரேகை தலைகீழாகிவிடும். கருந்திட்டுக்குக் காரணம் வேறு. ரேகை வளைந்து மேல்நோக்கி வரும் இடங்களில் மரம் அதிகமாக உறிஞ்சும், பிசின் தேங்கிய இடங்களில் குறைவாக உறிஞ்சும். கணு முழுக்கப் பிசின், அதனால்தான் அங்கே நிறம் ஏறவில்லை.

எனவே நிறத்தை மாற்றிப் பயனில்லை. மரம் எவ்வளவு குடிக்கிறது என்பதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

பதில் 2:
120-இல் நிறுத்தியதுதான் குறை என்று நினைக்கிறேன். 320 வரை தேய்த்துப் பாருங்கள், திட்டு குறைந்துவிடும்.

பதில் 1:
இதை அப்படியே ஏற்க முடியவில்லை. நுணுக்கமாகத் தேய்க்கத் தேய்க்க மரம் குறைவாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறையாது. நிறம் மங்கும், திட்டும் கொஞ்சம் மிஞ்சும். மேற்பரப்புக்கு 150 அல்லது 180 போதும், எப்போதும் ரேகையின் திசையில். குறுக்கு வெட்டு முகத்துக்கு மட்டும் 220 அல்லது அதற்கு மேலும் போகலாம். அங்கே மரத்தின் குழல்கள் திறந்த வாயோடு இருப்பதால் நிறைய உறிஞ்சும், அதைக் குறைக்க இது உதவும்.

பதில் 3:
நான் செய்வது: மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கிலிருந்து எடுக்கும் பிசின்) மிக நீர்க்கக் கரைத்து, ஸ்டெய்னுக்கு முன் ஒரு கை பூசுவேன். 1 லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு (ஆல்கஹால் வகை) சுமார் 60 கிராம் ஷெல்லாக் செதில். துணியில் நனைத்து முழுப் பரப்பிலும் விடாமல் தடவுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் காய்ந்ததும் 320-ஆல் மெல்ல ஒரு தடவல், தூசியைத் துடைத்து, பிறகு ஸ்டெய்ன். அதிகம் உறிஞ்சும் இடங்களை ஷெல்லாக் பாதி அடைத்துவிடும். கரைசல் கெட்டியாக இருந்தால் மரம் முழுக்க மூடிக்கொண்டு நிறமே ஏறாது, அதில் கவனம் வேண்டும். மெழுகு நீக்கியது என்பதையும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இருந்தால் மேலே போடும் பாலியூரித்தேன் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. உங்களுடையது எண்ணெய் ஸ்டெய்ன் என்பதால் இது ஒத்துவரும். ஸ்பிரிட்டில் கரைந்த ஸ்டெய்னாக இருந்தால் ஷெல்லாக்கையே கரைத்துவிடும்.

பதில் 4:
ஷெல்லாக் கலக்க வசதி இல்லாதவர்களுக்கு ஜெல் ஸ்டெய்ன் நல்ல வழி. கெட்டியாக இருப்பதால் மரத்துக்குள் ஆழமாக இறங்காமல் மேலேயே நிற்கும், திட்டு வெகுவாகக் குறையும். கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி உடனே துடைக்க வேண்டும், காயவிட்டால் பட்டை பட்டையாக நிற்கும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மீதித் துண்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஷெல்லாக் தடவி இரண்டிலும் ஒரே ஸ்டெய்னைப் பூசினேன். வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது! ஷெல்லாக் பக்கம் நிறம் ஒரு படி வெளிறியிருக்கிறது, ஆனால் சீராக இருக்கிறது. இப்போது இன்னொரு சந்தேகம். பலகைகள் சேரும் இடத்தில் பசை பிதுங்கியிருந்தது, துடைத்துவிட்டேன். ஆனாலும் அங்கே ஏதாவது மிச்சம் இருந்தால்? அப்புறம், மேல்பூச்சாக எதைப் போடலாம்?

பதில் 3:
பசை பட்ட இடத்தில் ஸ்டெய்ன் ஏறாது, வெள்ளைத் தழும்பாகத் தெரியும். மேல்பலகை முழுக்க டர்பென்டைன் அல்லது மினரல் ஸ்பிரிட் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கும்போது பசை வெளிறிய புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். சுரண்டி எடுத்து, அந்த இடத்தை மறுபடி தேய்த்துவிடுங்கள். தேய்த்த கோடுகளைப் பார்க்க, விளக்கைப் பலகைக்குச் சாய்வாகப் பிடியுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியாத கோடெல்லாம் ஸ்டெய்ன் பட்டதும் வெளியே வந்துவிடும்.

நிறம் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது கை போடலாம். கெட்டியாக விட்டு ஊறவைக்க வேண்டாம்.

பதில் 1:
மேல்பூச்சுக்கு என் தேர்வு பாலியூரித்தேன். முழங்கை, குவளை, வியர்வை என்று தினமும் படும் மேசைக்கு எண்ணெயோ மெழுகோ மட்டும் போதாது. எண்ணெய் வகை லேசாக மஞ்சள் பூசினாற்போல் இருக்கும், வால்நட் நிறத்துக்கு அது அழகாகவே சேரும். நீர் வகை தெளிவாக நிற்கும், சீக்கிரம் காயும். ஆனால் எண்ணெய் ஸ்டெய்னின் மேல் நீர் வகையைப் போடுவதானால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள், இல்லையென்றால் உரியும் வாய்ப்பு உண்டு. மூன்று மெல்லிய கை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 320. மேசையின் அடிப்பக்கத்தையும் பூச மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் ஈரம் ஏறி இறங்கும் வேகம் இருபுறமும் வேறாகி, பலகை வளையக்கூடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பைன் மென்மையான மரம். எந்தப் பூச்சு போட்டாலும் கனமான பொருள் விழுந்தால் பள்ளம் விழும். பூச்சு கறையைத் தடுக்கும், அடியைத் தடுக்காது.

கேட்டவர்:
புரிந்தது, எண்ணெய் வகையே போடுகிறேன். பூசி முடித்ததும் கணினியை எப்போது வைக்கலாம்?

பதில் 4:
இலேசான பயன்பாட்டுக்கு மூன்று நான்கு நாள் கழித்து. முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை ரப்பர் பாதம் உள்ள பொருளை ஒரே இடத்தில் வைத்துவிடாதீர்கள், அச்சுப் பதிந்துவிடும்.

முக்கியமான ஒன்று: எண்ணெய் ஸ்டெய்ன் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு முழுக்க விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.