கெட்டிஸ்பர்க் பீரங்கியும் பெரியப்பாவும்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

கார்த்தி: 📷 கெட்டிஸ்பர்க் வந்திருக்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் மூன்று நாள் சண்டை நடந்த இடம். எங்கே திரும்பினாலும் பீரங்கி. பெரியப்பா, இந்தப் படம் உங்களுக்குத்தான்.

சித்தி: ஏன் இப்படிப் பச்சையாக இருக்கிறது, பாசியா?

பெரியப்பா: களிம்பு. குழல் வெண்கலம். அதற்கு 'நெப்போலியன்' என்று பெயர், 1857 மாடல். மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துச் செய்தது. குழல் மட்டுமே 550 கிலோவுக்கு மேல்.

கார்த்தி: ஆறு குதிரை இழுத்ததாம். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன், முழுக்க இரும்பு! பாவம் குதிரைகள்.

பெரியப்பா: அது போரில் ஓடிய வண்டி இல்லைடா. பின்னாளில் பூங்காவில் நிறுத்துவதற்காக இரும்பில் வார்த்தது. அசல் வண்டி ஓக் மரம். சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம்தான். மேலே இரும்புப் பட்டை. நம் ஊர் வண்டி ஆசாரியிடம் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

மீனா: சுடும்போது மரம் தாங்குமா பெரியப்பா?

பெரியப்பா: தாங்கத்தான் வண்டியை ஓட விட்டார்கள். சுட்டதும் மொத்தமும் சில அடி பின்னால் உருளும், உதையின் வேகம் அதிலேயே தீர்ந்துவிடும். அசையாமல் கட்டிப்போட்டால் அச்சோ பின்கட்டையோ முறியும்.

மீனா: அப்போ ஒவ்வொரு குண்டுக்கும் திரும்பத் தள்ளி வந்து குறி பார்க்கணுமா?

பெரியப்பா: ஆமாம், ஆள் பலத்தில்தான். 1897இல் வந்த பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. குழல் மட்டும் பின்னால் வழுக்கிப் போகும்; எண்ணெயும் அழுத்திய காற்றும் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நிமிடத்துக்கு 15 குண்டு!

சித்தப்பா: பின்னால் தரையில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் நீங்கள் சொல்லும் பின்கட்டையா?

பெரியப்பா: அதேதான். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கட்டைதான். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் நீளமான பலகைகள் இருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் ஒற்றைக் கட்டையாக மாற்றினார்கள். எதிரியாக நின்று அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் 1827இல் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்து அமெரிக்கா. கட்டை நுனியில் ஒரு வளையம் இருக்கும். குதிரை பூட்டிய முன்வண்டியின் கொக்கியில் அதை மாட்டினால் நாலு சக்கரமாகிவிடும். கட்டை ஒல்லி என்பதால் முன்சக்கரம் இடிக்காது, குறுகிய இடத்திலும் திருப்பலாம்.

சித்தப்பா: சக்கரம் உடைந்தால்?

பெரியப்பா: குண்டுப்பெட்டி வண்டியின் பின்னால் ஸ்டெப்னி மாட்டியிருப்பார்கள். பீரங்கி, முன்வண்டி, பெட்டி வண்டி எல்லாவற்றுக்கும் 57 அங்குலச் சக்கரம். எதைக் கழற்றி எதில் வேண்டுமானாலும் போடலாம்.

கார்த்தி: 👌 வேறு என்ன பார்க்கணும்?

பெரியப்பா: குழலின் வாயைச் சுற்றி வருடமும் எடையும் பொறித்திருப்பார்கள். கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: எடுக்கிறேன். சின்னவன் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான்.

சித்தி: முதலில் அவனை இறக்குடா!