அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் உணவு

கேள்வி: குடல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டிய என் தந்தையார் பசியின்றி மெலிந்து வருகிறார். இந்த இடைவெளியில் நாங்கள் எதில் கவனம் செலுத்த வேண்டும்?

பதில் 1: முதலில் எடையைக் குறித்து வையுங்கள். ஆறு மாதங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவின் அடையாளம் என்பதால், மருத்துவர்கள் சில வேளைகளில் 7 முதல் 14 நாள்கள் ஊட்டச்சத்து அளித்த பின்னரே அறுவைச் சிகிச்சையை மேற்கொள்வார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது பொதுவான இலக்கு; சிறுநீரகக் கோளாறு இருப்பின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பதில் 2: பசியில்லாதவர் முன் நிறைந்த தட்டை வைத்து வற்புறுத்துவது (எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறு) அவரை மேலும் சோர்வடையச் செய்யும். சிறிது சிறிதாக, பலமுறை கொடுங்கள். இயன்ற அளவு நடக்கவும் செய்யுங்கள்.