படபடப்புக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் சம்பளத் திருட்டா?

செங்காங் மல்லிகை (காலை 8.05)
“சக ஊழியர் முறைத்தார், நெஞ்சு படபடக்கிறது என்று எம்.சி. எடுக்கிறவர்கள் முதலாளியின் சம்பளத்தைத் திருடுகிறார்கள்.” நேற்று இரவு பழைய ஃபோர்மன் இங்கே எழுதிய திருவாசகம் இது. படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. என் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மேல்பதவிகூட இல்லை. கழுத்தில் ஊழியர் அட்டையோடு ஒரு சாவிக்கொத்தும் தொங்கும். அந்தச் சத்தம் நடைபாதையில் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பின்னால் வந்து நின்று என் திரையைப் படிப்பார், எதுவும் சொல்லமாட்டார், “ம்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் “சிலருக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் வைக்கணும்போல” என்று எழுதுவார், அதற்கு நாலு பேர் சிரிப்பார்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் எம்.சி. எழுதிக்கொடுத்தார். இதில் நான் எதைத் திருடினேன்?

பழைய ஃபோர்மன் (8.21)
குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நான் யார் பெயரையும் சொல்லவில்லையே மேடம். ஒரே ஒரு கேள்வி, வெப்பமானி எவ்வளவு காட்டியது?

நைட் டூட்டி அக்கா (8.40)
ஃபோர்மன் அண்ணே, எம்.சி.க்குக் காய்ச்சல் இருந்தே ஆகணும் என்று சிங்கப்பூரில் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து கம்பெனி டாக்டரிடம்தான் வாங்கணும் என்பதும் இல்லை, பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்தாலும் செல்லும். 48 மணி நேரத்துக்குள் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். உடம்புக்கா மனசுக்கா என்று முடிவு செய்வது டாக்டர்.

பழைய ஃபோர்மன் (8.52)
48 மணி நேரமெல்லாம் நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். பேச்சை மாற்றாதீர்கள், டெம்பரேச்சர் எவ்வளவு? போனில் முகத்தைக் காட்டி ஒரு நிமிஷத்தில் எம்.சி. வாங்குகிற காலம் இது. 2024 கடைசியில் ஒரு தொலைமருத்துவ மருந்தகத்தின் உரிமத்தையே சுகாதார அமைச்சு பறித்ததே, மறந்துவிட்டதா? ஏன் பறித்தார்கள்?

செங்காங் மல்லிகை (8.58)
நான் நேரில் வரிசையில் உட்கார்ந்து வாங்கினேன். போனில் இல்லை. நேரில். பெரிய எழுத்தில் எழுதட்டுமா ஐயா?

கோப்பி ஓ (9.30)
காலையிலேயே ஆரம்பமா. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாமே. கண்டிப்பாகப் பேசுகிறவர் வேறு, ஒரே ஆளைக் குறிவைத்துக் குத்திக்கொண்டே இருப்பவர் வேறு. இங்கே நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்?

பழைய ஃபோர்மன் (9.34)
டெம்பரேச்சரைப் பற்றி.

ஈ.பி. தம்பி (மதியம் 12.15)
எல்லாம் பிங்க் ஐசி (குடிமக்கள் அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் பேச்சு. என் டீம் லீடர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் லேப்டாப்பை டப்பென்று மூடினார். நான் எச்.ஆரிடம் (மனிதவளப் பிரிவு) புகார் சொல்லப் போகலாமா? வேலை போய் ஈ.பி., அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி பாஸ், ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் கையில். அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்கணும், இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு விமானம் ஏறணும். எம்.சி. கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கெல்லாம் படபடப்புகூட ஒரு வசதிதான்.

செங்காங் மல்லிகை (12.22)
தம்பி, பிங்க் ஐசி இருந்தால் நெஞ்சு அடிக்காதா? எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. உங்கள் கஷ்டம் பெரிசு என்பதற்காக என்னுடையதை வசதி என்று சொல்லவேண்டாம்.

பழைய ஃபோர்மன் (12.41)
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் துவாஸ் கப்பல் பட்டறையில் இருந்த காலத்தில் என் சூப்பர்வைசர் ஹெல்மெட்டால் மேசையில் அடித்துக்கொண்டேதான் பேசுவார். அம்மா அப்பா எல்லோரையும் இழுத்துத் திட்டுவார். நாங்கள் எம்.சி. எடுத்தோமா? மத்தியானம் அவரோடேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். அவர் பெண் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே நாங்கள்தான். இப்போது “ம்” என்றால் மருந்தகம், குழுவில் ஒரு வரி போட்டால் மருந்தகம். பெயரே போடவில்லை என்று மல்லிகையே சொல்கிறார், அப்புறம் அது தன்னைத்தான் சொன்னது என்று எப்படித் தெரிந்தது? நான் வெயிலில் வெல்டிங் பொறி பட்டுக் கையில் தழும்போடு மறுநாள் வேலைக்குப் போனவன். ஏசி அறையில் முழங்கைக்கு மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படபடப்பாம். இன்னும் டெம்பரேச்சர் வரவில்லை, கவனிக்கவும்.

நைட் டூட்டி அக்கா (12.55)
தழும்புக்கு அன்றைக்கே எம்.சி. எடுத்திருக்கணும் அண்ணே, அதையும் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

மல்லிகை, இவரை விடுங்கள். எம்.சி. தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. ஒதுங்கி இருந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், திரும்பிப் போகிற நாள் இன்னும் பயமாக இருக்கும், பதற்றத்தின் குணமே அது. அதனால் விடுப்பிலேயே கொஞ்சம் வேலை செய்யுங்கள். அந்த வாட்ஸ்அப் வரிகளைத் தேதியோடு எடுத்து வையுங்கள், யார் எதிரில் நடந்தது என்பதையும் சேர்த்து. அலுவலகக் கணினியில் வேண்டாம். இரவு குழுவை மௌனத்தில் போடுங்கள், பத்தரைக்கு வருவதைக் காலையில் படித்தால் போதும். பின்னால் வந்து நின்றால் நாற்காலியைத் திருப்பி “சொல்லுங்க, என்ன வேணும்?” என்று கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். சாவிச் சத்தம் கேட்டதும் மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள், தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பு வரும். நடு ராத்திரியில் யாரிடமாவது பேசணும் என்றால் 1771 மனநல உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும்.

ஈ.பி. தம்பி, அந்த எண் உங்களுக்கும்தான். எம்.சி.யில் என்ன வியாதி என்று எழுதியிருக்கவேண்டியதில்லை, அதற்குப் பயப்படாதீர்கள்.

பழைய ஃபோர்மன் (1.03)
பார்த்தீர்களா, அக்காவே ஒத்துக்கொண்டுவிட்டார். ஒதுங்கினால் பயம் கூடும். நான் சொன்னதும் அதுதான்.

நைட் டூட்டி அக்கா (1.05)
நீங்கள் சொன்னது திருட்டு. நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய ஃபோர்மன் (1.06)
ஒத்துக்கொண்டீர்கள், மேலே இருக்கிறது.

புக்கிட் பாத்தோக் வாசகன் (2.20)
சட்டம் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014லேயே வந்துவிட்டது, வேலையிடத்துக்கும் பொருந்தும். 2021இல் இதற்கென்றே தனி நீதிமன்றமும் வந்தது, அங்கே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். போன 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக்கூடாது என்றே இருக்கிறது.

பழைய ஃபோர்மன் (2.26)
“ம்” என்றவர்மேல் பாதுகாப்பு ஆணையா! நீதிபதியும் முதலில் டெம்பரேச்சர்தான் கேட்பார். அப்புறம், நிறைவேற்றுவது வேறு, அமலுக்கு வருவது வேறு. அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள். அது என்ன “போன 2025”? 2025 என்றால் போதாதா?

புக்கிட் பாத்தோக் வாசகன் (2.30)
என் தமிழைத் திருத்த வந்துவிட்டார். போன தீபாவளிக்கு விடுப்பு விவாதத்தில் “அரசாங்க விடுமுறை” என்பதையே மூன்று விதமாக எழுதியவர் நீங்கள்தானே?

பழைய ஃபோர்மன் (2.33)
அது போன். விரல் பெரிசு.

கோப்பி ஓ (3.10)
மல்லிகை, ஒரு சந்தேகம். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள்? கோப்பி அதிகமானாலே நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும். நான் கோசோங்கையே (சர்க்கரை போடாத கோப்பி) மதியத்தோடு நிறுத்திவிட்டேன்.

செங்காங் மல்லிகை (3.18)
அப்படியானால் குற்றம் என் கோப்பிமேல். சாவிக்கொத்துக்காரி சுத்தத் தங்கம். நல்லது, நன்றி.

கோப்பி ஓ (3.20)
நல்லதுக்குச் சொன்னால் இப்படியா? அக்கா தைராய்டு என்றபோது பேசாமல் இருந்தீர்களே.

பழைய ஃபோர்மன் (3.22)
பெயரைப் பாருங்கள் கோப்பி ஓ, கோப்பி குடிக்காதே என்கிறார். எங்கள் பட்டறையில் நாளுக்கு ஆறு குவளை, ஒருத்தனுக்கும் கை நடுங்கியதில்லை. நடுங்கினால் வெல்டிங் வைக்க முடியுமா?

ஈ.பி. தம்பி (5.47)
யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். எச்.ஆரிடம் போனால் அது டீம் லீடர் காதுக்குப் போகுமா, போகாதா?

பழைய ஃபோர்மன் (5.58)
போகும்.

நைட் டூட்டி அக்கா (6.04)
போகத்தான் போகும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள் தம்பி. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

பழைய ஃபோர்மன் (6.09)
எழுத்தில் கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகும். பட்டறையில் பார்க்காததா?

செங்காங் மல்லிகை (6.31)
இவர் பட்டறையை விட்டு எப்போது வெளியே வருவார்? மதியம் என்னை “ஏசி பொம்மை” என்று எழுதி உடனே அழித்தாரே, அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேதியோடு.

பழைய ஃபோர்மன் (6.33)
அது பொதுவாகச் சொன்னது. பெயர் போடவில்லை.