மெரூன் பத்திரிகைல வெள்ளை எழுத்தோட மெல்லிசு கோடெல்லாம் காணோம், அவசர உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி கல்யாணப் பத்திரிகைய நானே டிசைன் பண்றேன். பொண்ணு மாப்ள பேரு இங்கிலீஷ்ல போடோனி மோடாங்கற ஃபாண்ட்ல, நல்ல தடிமனான வெயிட், மெரூன் மேல வெள்ளை. பாக்கவே அவ்ளோ கம்பீரமா இருந்துச்சு, அதனால அதையே காப்பி பண்ணி சைஸ மட்டும் 9 பாயிண்டுக்குக் குறைச்சு மண்டபம் நேரம் எல்லாம் போட்டேன். நேத்து ஆஃப்செட் சாம்பிள் வந்துச்சு. பேரு ஓகே. சின்ன எழுத்துல கேப்பிடல் என்-ல ரெண்டு பக்கத் தூணும் போய் நடு சாய்வுக் கோடு மட்டும் நிக்குது, ஸ்மால் இ எல்லாம் சி மாதிரி தெரியுது. பிரஸ் தப்பா, என் ஃபைல் தப்பா? போல்டு பட்டன அமுக்கினா சரியாகுமா?

பதில் 1: தம்பி, நான் பிரஸ்லதான் இருக்கேன். மெரூன நாலு கலர்ல கலந்து குடுத்திருப்பீங்க. அப்போ அந்த மெல்லிசு கோடு ஒவ்வொரு கலரோட அச்சுப் பிளேட்லயும் அதே இடத்துல காலியா இருக்கணும், முடி அளவு நகர்ந்தாலும் பக்கத்து மை வந்து மூடிடும், அதோட மை பேப்பர்ல கொஞ்சம் பரவவும் செய்யும். வெள்ளை எழுத்துக்கு அரை பாயிண்ட் கோடாவது குடுங்கன்னுதான் நாங்க எப்பவும் கேப்போம். மெரூன ஒரே ஸ்பாட் கலரா, அதாவது முன்னாடியே கலந்து வச்ச ஒரே மையா மாத்துங்க, பாதி பிரச்சினை அங்கயே போயிடும்.

பதில் 2: போல்டு பட்டன் வேண்டவே வேண்டாம்ப்பா! நீங்க வச்சிருக்குறதே தடிமன், அதுக்கு மேல சாஃப்ட்வேர் எழுத்த சுத்தி ஊத வைக்கும், அப்புறம் ஏ, இ உள்ள இருக்குற ஓட்டை அடைச்சுக்கும்.

உங்க ஃபாண்ட் நல்ல ஃபாண்ட், ஆனா அதுல தப்பான 'கட்', அதாவது பெரிய சைஸுக்குன்னு வரைஞ்ச வடிவத்த எடுத்திருக்கீங்க. ஈய எழுத்துக் காலத்துல ஒவ்வொரு சைஸும் தனித்தனியா வெட்டுனது, இத்தாலில பார்மா நகரத்துல, இந்த எழுத்து ஸ்டைலுக்குப் பேர் குடுத்த போடோனி அப்படித்தான் செஞ்சாரு, சின்ன சைஸ்ல கோடு கொஞ்சம் பருமனா இருக்கும். 1994ல வந்த ஐடிசி போடோனிங்கற ஃபாண்ட்லகூட 6, 12, 72 பாயிண்டுக்குன்னு மூணு கட் தனியா குடுத்தாங்க. உங்க போடோனி மோடால ஆப்டிகல் சைஸ்னு, இந்த கட்ட மாத்துற ஒரு ஸ்லைடர் இருக்கும் பாருங்க, 6ல இருந்து 96 வரைக்கும். பேருக்கு 96 இருக்கட்டும், சின்ன எழுத்த மட்டும் தேர்வு பண்ணி 6க்கு இறக்குங்க, வெயிட்டையும் மீடியம் ஆக்கிட்டு எழுத்துக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க.

கேட்டவர்: அக்கா, பாத்தேன், சின்ன எழுத்தும் 96லயேதான் இருந்துச்சு!! காப்பி பண்ணப்போ அப்படியே வந்திருக்கு. இப்ப 6 வச்சு, மெரூன ஸ்பாட் கலராக்கி அனுப்பிட்டேன்.

கேட்டவர் (மறுநாள்): சாம்பிள் வந்துடுச்சு. என்-ல ரெண்டு தூணும் நிக்குது, அம்மா கண்ணாடி இல்லாமயே மண்டபம் பேர படிச்சுட்டாங்க. அண்ணா அக்கா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.